‘வீட்டுக்குக் கொண்டு போங்க’ என்ற பிறகு

தலைப்பைப் பார்த்துவிட்டுக் கூட்டம் வராது என்று நூலகர் பயந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் சாவைப் பற்றிக் கேட்க யார் வருவார்கள் என்றார். இப்போது பின்னால் சிலர் இடமில்லாமல் நிற்கிறீர்கள். உங்களில் சிலர் வீட்டில் இப்போது யாராவது படுத்த படுக்கையாக இருக்கலாம். வேறு சிலருக்கு, போய்விட்ட ஒருவருக்குச் சரியாகச் செய்தோமா என்ற கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

நான் செவிலியர். முதல் இருபது ஆண்டு மருத்துவமனை வார்டில். பிறகு பதினான்கு ஆண்டு திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தொண்டு அமைப்பின் வேனில், வீடு வீடாக. அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. படித்தவர்கள் பேலியேட்டிவ் கேர் என்பார்கள். நான் போன தெருக்களில் ‘நர்சம்மா வண்டி’, அவ்வளவுதான். வண்டியின் பக்கவாட்டில் புற்றுநோய் என்ற சொல் எழுதியிருந்தது. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள் என்று கேட்ட வீடுகள் உண்டு. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள். கடைசியில் அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டோம்.

வார்டில் இருந்த காலத்தில் ஒரு பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். ‘இனிமே இங்க வச்சுப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கொண்டு போங்க.’ உயிருள்ள ஆளை ‘கூட்டிட்டுப் போங்க’ என்போம். சாமானைத்தான் ‘கொண்டு போங்க’ என்போம். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் வாயில் ஆள் சாமானாகிவிடுகிறார். இருபது வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, வேனில் ஏறிய பிறகுதான் அது காதில் விழுந்தது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நடப்பது உங்களுக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் பேசுவார்கள். தொண்டையில் குழாய் இருந்தால், மகன் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வருவான். வழியில் போய்விடக் கூடாது, வாசல் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். நடுவீட்டில் படுக்கவைத்துக் குழாயை எடுப்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு சொட்டுப் பால் விடுவார்கள். சொந்தக் கூரையின் கீழே, சொந்த சனத்தின் நடுவே உயிர் போக வேண்டும் என்ற ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் அதே ஆசைதான். என் கேள்வி வேறு. அந்தக் கடைசி அரை மணி நேரத்தை வீட்டில் வைத்துக்கொள்ள இவ்வளவு பாடுபடுகிறோமே, அதற்கு முந்தைய மூன்று மாதத்தை என்ன செய்தோம்?

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இதைப் பேசுகிறவர்கள் ஓர் இடத்தில் தடம் மாறுவார்கள். அங்கே மருத்துவமனைக் கட்டிலில் இறப்பவர்களை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பது பெரிய விவாதம். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தார். 1969இல் அங்கிருந்து செவிலியர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நம் கிராமங்களில் வீட்டில் சாவது புதிதல்ல. வேறு வழி இல்லாததால் வீட்டில் சாகிறவர்களே ஏராளம். அவர்களுக்கு வீடு இருக்கிறது, மருந்து இல்லை. சுற்றிப் பத்துப் பேர் இருக்கிறார்கள், பத்துப் பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு லாரி டிரைவர். ஐம்பது வயது இருக்கும். வாயில் புற்று, கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. நாங்கள் போனபோது அவர் வீட்டுக்கு வெளியே, ஆட்டுக்கொட்டகையில் படுத்திருந்தார். வீட்டார் தள்ளிவைக்கவில்லை. நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வர மாட்டேன் என்றதும் அவராகவே எழுந்து போய்விட்டார். ராத்திரி வலியில் சுவரில் தலையை முட்டிக்கொள்வார் என்றாள் அவர் மனைவி. கையில் இருந்தது ஒரு தூக்க மாத்திரை, ஒரு காய்ச்சல் மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு வந்தவர் அவர்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். நாற்றம் சில நாளில் அடங்கியது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை கொடுக்கச் சொன்னோம். அடுத்த வாரம் போனபோது அவர் வீட்டுக்குள் இருந்தார். முகத்தை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, பேரனோடு உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். நோய் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. ஆனால் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டார். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மார்ஃபின் என்றதும் இங்கே இரண்டு மூன்று முகம் மாறியதைப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன். அது அபினிலிருந்து எடுக்கும் மருந்து. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. அந்த அபினை வெளிநாடுகளுக்கு மருந்துக்காக விற்கிற நாடு நாம். விளைவது இங்கே, வலியில் கத்துகிறவனும் இங்கே, நடுவில் ஒரு சட்டம். 1985இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலை. சிக்கியது நோயாளி. மார்ஃபின் வாங்க ஒரு மருத்துவமனை வெவ்வேறு அலுவலகங்களில் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகும். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நாட்டில் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில அளவில் ஓர் அங்கீகாரம் போதும். சட்டம் இளகிவிட்டது, பயம் இளகவில்லை.

அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. வலிக்குத் தக்க அளவில், சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாள் குமட்டல் இருக்கலாம், கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கலாம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். அதனால் முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்துத்தான் கொடுப்போம். மாத்திரை எண்ணிக்கையை நோட்டில் எழுதுவோம். மீதியை வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வோம். இத்தனை ஒழுங்குக்குள்தான் அது நடக்கிறது.

மருந்து கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்களோ என்ற இந்தச் சந்தேகம் நம்மூரில் வெறும் அறியாமை அல்ல. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் வைத்துக் குளிரக் குளிரத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பிவிடுவது. பிரியா கிருஷ்ணசாமி 2018இல் எடுத்த ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது. அப்படிச் செய்த ஒரு வீட்டுப் பெண்ணிடம் நான் பேசியிருக்கிறேன். அவள் அரக்கி இல்லை. மாமியாருக்கு முதுகெல்லாம் படுக்கைப்புண், புழு வைத்துவிட்டது; இவள் காட்டு வேலைக்குப் போனால்தான் உலை. ‘யாராச்சும் வந்து ஒரு வழி சொல்லிருந்தா நான் ஏன்க்கா செய்யப் போறேன்’ என்றாள். அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், புண்ணிலிருந்து புழுவை எடுக்கவும் கற்றுத்தர ஓர் ஆள் அந்த வாசலுக்குப் போயிருந்தால் இளநீர்க் காய் வெட்டப்பட்டிருக்காது என்று நம்புகிறேன்.

அந்த ஆள் யார்? பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவன்தான் அதிகம் கஷ்டப்படுகிறான் என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அடுத்து மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனார்கள். காசையும் ஊரே திரட்டியது, சில்லறை சில்லறையாக. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பாக்கியது. 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மரணத்தைப் பற்றி அறிக்கை எழுதியபோது, உலகுக்குக் காட்ட எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கேரளம் ஒன்று. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் வாசலுக்கு வருகிறது. நல்ல காரியம். ஆனால் பல ஊர்களைச் சுற்ற வேண்டிய ஒரு செவிலியர் உங்கள் வாசலுக்கு என்றைக்கு மறுபடி வருவார்? வலிக்குக் கிழமை தெரியாது. அந்த இடைவெளியில் ஊர்தான் நிற்க வேண்டும். மலப்புரத்துக்காரர்கள் செய்தது அதுதான்.

இனி வீட்டுக்குள் போவோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகனோ மருமகனோ ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் சொல்வார்: ‘சிஸ்டர், அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிறாதீங்க.’ சரி என்று உள்ளே போவேன். ஊசி போடுகிற சாக்கில் எல்லாரையும் வெளியே அனுப்பினால், பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: ‘எனக்குத் தெரியும்மா. இதுக சின்னப் புள்ளைக, தாங்காதுக. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத.’ சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் நடிக்கிறார்கள். நாடகம் முடிவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

இதில் நான் என்ன செய்வேன் என்று செவிலியர் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். போட்டு உடைக்க மாட்டேன். ‘உங்களுக்கு என்ன தோணுதுய்யா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் ஆறுதல் என்றால் உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு பெரியவர் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘அந்தப் பத்திரத்த மூத்தவன் பேருக்கு மாத்தணும்’ என்றார். அதுதான் அவர் பதில். மகனைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே வந்து, அப்பா சொன்னதைக் கேட்டு, முதல்முறையாக அவர் முன்னால் அழுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அல்சர் என்ற சொல் காணாமல் போனது.

அடுத்த சண்டை சாப்பாடு. கடைசி நாட்களில் உடம்பு சோற்றை விட்டுவிடும். உயிர் போகப்போவதால் பசி நிற்கிறது. பசி நின்றதால்தான் உயிர் போகிறது என்று நாம் தலைகீழாகப் படித்துவிடுகிறோம். ‘பட்டினி போட்டா கொல்றீங்க?’ என்று ஊரிலிருந்து வந்த அத்தை கேட்டுவிட்டால் போதும், மருமகள் வாயைப் பிளந்து கஞ்சியை ஊற்றுவாள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். இல்லாவிட்டால் ‘ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க’ என்பார்கள். அந்தப் பாட்டில் கம்பியில் தொங்கினால்தான் நாம் ஏதோ செய்கிறோம் என்று மனசு ஆறும். உடம்பு ஏற்காத தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் கோழையாகவும் சேரும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து உதட்டில் நெய்யோ வெண்ணெயோ தடவுங்கள் என்பேன். அந்த வேலையை அத்தையிடமே கொடுத்துவிடுவேன். கைக்கு வேலை கிடைத்தால் வாய் கொஞ்சம் ஓயும். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது.

கடைசி ராத்திரிக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்போம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவருக்குத்தான் அது பயங்கரம். மயக்கத்தில் இருப்பவர் அதில் தவிப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு நீண்ட நேரம் நின்று, மறுபடி வரும். கைகால் சில்லிடும். காது கேட்கிறது என்றே எண்ணிப் பேசுங்கள்; காரியச் செலவுக் கணக்கைத் தலைமாட்டில் பேச வேண்டாம். இதையெல்லாம் சொல்லாத வீடுகளில், கரகரவென்ற சத்தம் கேட்டதும் ஆம்புலன்ஸ் வந்துவிடும். மூன்று மாதம் வீட்டில் பார்த்தவர்கள் கடைசி மூன்று மணி நேரத்தை அவசரப் பிரிவு வராந்தாவில் கழிப்பார்கள். ஒரு போன் நம்பர் இருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு அதை யாராவது எடுத்தால், பாதி ஆம்புலன்ஸ் கிளம்பவே கிளம்பாது. நான் எடுத்த போன்களில் பெரும்பாலும் யாரும் என்னை வரச் சொல்லவில்லை. ‘இது சாதாரணம்தானே சிஸ்டர்?’ என்று மட்டும் கேட்டார்கள்.

இவ்வளவு நேரம் வீடு வீடு என்கிறேனே, யாருடைய வீடு? சென்னையில் இந்த வேலை செய்யும் தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாடகை வீட்டில் ஒரு பெண், கருப்பையில் புற்று. மாதக் கணக்கில் அமைதியாக இருந்த ஓனரம்மா, நாள் நெருங்கியதும் மாடியிலிருந்து இறங்கி வந்து, ‘இங்க வேணாம்மா, அப்புறம் வீட்டுக்கு யாரும் குடி வர மாட்டாங்க’ என்றாராம். அந்தப் பெண்ணை ஊருக்கு வண்டியில் ஏற்றினார்கள். வந்தவாசி தாண்டும்போது உயிர் போயிற்று. அடுக்குமாடிகளில் ஐஸ் பெட்டியை எந்த வழியாகத் தூக்குவது என்று சங்கக் கூட்டத்தில் விவாதம் நடக்கிறது. மாரடைப்பில் பொசுக்கென்று போனால் அதே ஓனர்கள் ஓடி வந்து உதவுவார்கள். வரப்போகிறது என்று தெரிந்த சாவுக்குத்தான் இடமில்லை. நோய் ஆதரவு சிகிச்சைக்குத் திட்டம் உண்டு, மாத்திரை உண்டு. குடித்தனக்காரன் சாவதற்கு ஒரு சுவர் கேட்டால் அதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

இன்னொன்று, பார்த்துக்கொள்வது யார். பதினான்கு வருடத்தில் நான் நுழைந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் பெண்தான்: மனைவி, மகள், மருமகள். முதுகு போய்விடும். தூக்கம் போய்விடும். வேலை போய்விடும். கட்டிலில் இருப்பவரின் பெயரைத்தான் எங்கள் அட்டையில் எழுதுவோம், ஆனால் நான் முதலில் பார்ப்பது அடுப்படியில் நிற்பவளின் முகத்தை. இங்கே இருக்கும் யாருக்காவது உதவ மனம் இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மூன்று மணி நேரம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வென்டிலேட்டர் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த உரிமையை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். காரணத்துக்குச் சான்று தர, பார்த்துவந்த மருத்துவர் யார் என்று முன்னமே பேசி வையுங்கள். அன்றைக்கு அலையக் கூடாது.

எல்லாரும் வீட்டில்தான் சாக வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. தனியாக இருப்பவர், ரத்தம் பீறிட்டு வரக்கூடிய புண் உள்ளவர், பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்பவர், இவர்களுக்கு நல்ல காப்பகமோ வார்டோதான் சரி. வீடு என்று சொல்லிவிட்டு நடுவில் மனம் மாறினாலும் குற்றமில்லை. ஓர் அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ‘ஆஸ்பத்திரியில ஃபேன் நல்லா சுத்துச்சு’ என்று திரும்பிப் போய்விட்டார். நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். இல்லை, கூட்டிக்கொண்டு போய் விட்டோம்.

சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர். நுரையீரலில் நோய், மூச்சு இரைக்கும். அதற்கும் மார்ஃபின் கொஞ்சமாகக் கொடுத்தோம். தறி இருந்த அறையிலேயே கட்டிலைப் போடச் சொன்னார். அவர் தறி நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ‘நூல் அறுந்துருச்சு, பாரு, நிறுத்திட்டான்’ என்று எங்களுக்குச் சொல்லுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மனைவி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த அம்மா எங்கள் ஆபீஸுக்குப் பஸ் ஏறி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். ‘எண்ணிப் பாத்துக்கங்க. பதினொண்ணு இருக்கு. வேற யாருக்காச்சும் வலிக்குமில்ல’ என்றார்.

எண்ணினேன். நோட்டில் அவர் பெயருக்கு நேரே, திரும்ப வந்தது 11 என்று எழுதி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.